கழுத்து அசையக் கூடாது

என் நாவலைப் படமாக்க வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து ஒரு இயக்குநர் தம்பின் ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஐயா, கவலயே வேணாம் லா. உங்க தத்துவத்துல நா கைய வைக்க மாட்டேன். கடைசி சீன் அப்படியே வரும். பொண்டாட்டி கூப்பிடுவா, அவன் திரும்பியே பாக்க மாட்டான்" என்றார். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். படமெடுத்துக் கெடுத்துவிடுவார்களோ என்று நான் பயப்படுவதாக அவருக்கு நினைப்பு. அந்தப் பயமெல்லாம் எனக்கு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்திலேயே வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விட்டது.

அப்போது பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, ஆபீசில் கணக்கெழுதுகிறவன். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டான். ரப்பர் வாங்க ஆளில்லை. ஆபீசில் எழுத ஒன்றுமில்லாததால் நாவல் எழுதினேன். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிடந்தபோது, நான் பற்று என்றால் என்ன என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தேன். கொழுப்புதான், வேறென்ன! என் நாயகன், எதுவும் எவனுக்கும் சொந்தமில்லை என்று தெளிந்து வீட்டை விட்டு நடக்கிறான். மனைவி பின்னால் நின்று கூப்பிடுகிறாள். திரும்பிப் பார்த்தால் அவனுக்குப் பற்று விடவில்லை என்று ஆகிவிடும். அவன் பார்க்கவில்லை. நாவலே அந்த ஒரு இடத்தில்தான் நின்றது.

மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போட லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் கதை தேடினார்கள். நானே என் நாவலைக் கொடுத்தேன். கொடுத்த அன்றே தூக்கம் போயிற்று. கோமாளியை நுழைத்தார்கள், பாட்டைச் சேர்த்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டேன். நாயகன் வேஷம் ரப்பர்ப் பால் இறக்க மரம் வெட்டுகிற ஒருவருக்கு. நல்ல குரல், நல்ல மனுஷர். ஆனால் கடைசிக் காட்சியில், மனைவி வேஷக்காரர் கூப்பிட்டதும் பட்டென்று திரும்பிவிடுவார்.

"யோவ், திரும்பாதய்யா!"

"கிராணி ஐயா, பொண்டாட்டி கூப்பிட்டா எப்படிங்க பாக்காம போறது? ஒருக்கா பாத்துட்டுப் போறேனே."

"கதை கெட்டுடும்."

அவருடைய மனைவி ஒத்திகை பார்க்க வந்து ஓரமாக நிற்பார். "ஒருக்கா பாத்துட்டுத்தான் போகட்டுமே ஐயா. யாருக்கு என்னா நட்டம்?" என்றார். உனக்கென்ன தெரியும் தத்துவம் என்று எரிந்து விழுந்தேன். அதோடு விட்டேனா? வேஷக்காரர் கூப்பிட்டால் பத்தாது, சொந்தப் பெண்டாட்டி கூப்பிட்டே பழகட்டும் என்று அந்த அம்மாவையே அவர் பின்னால் நிறுத்தினேன். புருஷன் பேரைச் சொல்ல மாட்டாரே, "இந்தாங்க... இந்தாங்க..." என்று வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடுவார். புருஷன் சிரித்துக்கொண்டே திரும்புவார். "முதுகை நிமிர்த்து. கழுத்து அசையக் கூடாது" என்று நான் கத்துவேன். மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். திருவிழாவன்று மேடையில் அசையவே இல்லை. என் தத்துவம் தப்பித்தது என்று எனக்கு அப்படியொரு பெருமை.

பிறகு, ஜப்பான்காரன் சயாம் காட்டில் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கைகாட்டிய ஆட்களையெல்லாம் ஏற்றினார்கள். நாயகன் வேஷம் போட்டவரையும் ஏற்றினார்கள். கிராணி என்பதால் என்னை விட்டுவிட்டார்கள். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். லாரி நகரும்போது அந்த அம்மா லயத்திலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தார். "இந்தாங்க! இந்தாங்க!" இப்போது அந்தக் குரலில் வெட்கமில்லை. லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. பார்த்தால் குதித்துவிடுவோம் என்று பயந்தாரோ, அழுத முகத்தைக் காட்டக் கூடாது என்று நினைத்தாரோ, யார் கண்டது? நான் பார்த்தது நான் பழக்கிய முதுகை. "திரும்பிப் பாருய்யா" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். பக்கத்தில் ஜப்பான்காரன் நின்றான். என் வாய் திறக்கவில்லை.

சண்டை முடிந்து சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. அந்த அம்மா ஒரு நாள் ஆபீசுக்கு வந்து நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஐயா, அன்னிக்கு நீங்க பக்கத்துலதான நின்னீங்க. நா கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்" என்றேன்.

"கேட்டுச்சுன்னா சரிதாங்க. நல்லாத்தான் பழகியிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்கங்கெட்டவன் நான். அதற்கப்புறமும் நாவலை அச்சுக்குக் கொடுத்தேன், கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்தை மாற்றாமல். ஆழமான முடிவு என்று மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன்.

இதையெல்லாம் இயக்குநரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "தம்பி, அவன் ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுப் போகட்டுமே" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஆடிப்போனார். "என்னங்கய்யா, நீங்களே இப்படிச் சொல்றீங்க? கதை கெட்டுருமே!"

"கெடட்டும்."

"உங்க நாவலுக்கு நா துரோகம் செய்ய மாட்டேன்" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலைத் தாண்டி நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலிருந்து, "தம்பி" என்று கூப்பிட்டேன்.

பட்டென்று திரும்பிப் பார்த்தார். "என்னங்கய்யா?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க" என்றேன்.