வாராவாரம் பட்ஸ் விட்டுச் சுத்தம் செய்த காது

நேற்று ஒரு காது டாக்டர் என் மகளின் காதுகளுக்குள் இருந்ததை எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்துக் காட்டினார்.

மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு உருண்டை. கறுப்பும் பழுப்புமாக.

அதை உள்ளே தள்ளி வைத்தவன் நான்தான். ஞாயிறு தவறாமல், ரொம்ப அக்கறையாக.

நான் ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். வீடு பெங்களூரு பொம்மனஹள்ளியில். மனைவி செல்வி கார்மென்ட்ஸில் டெய்லர். மகள் தாரணி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றியதும் தாரணியின் காதைச் சுத்தம் செய்வது என் டியூட்டி. பட்ஸ் நுனியில் மஞ்சளாகக் கொஞ்சம் வரும். பார்த்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும்.

இந்த வருடம் ஸ்கூல் டைரியில் மூன்று முறை ஒரே குறிப்பு. வகுப்பில் கவனிப்பதில்லை. நேரில் போனபோது மிஸ் சொன்னார்:

"டிக்டேஷன்ல நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு எழுதறா சார். பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்பறதே இல்ல. வீட்ல ஓவர் செல்லமா?"

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து டிவியை நிறுத்தினேன். அவள் ஏன் அவ்வளவு சத்தமாக டிவி வைக்கிறாள் என்று யோசிக்கவில்லை. எதைச் சொன்னாலும் "என்னப்பா?" என்று இரண்டு தடவை கேட்பாள். அதைத் திமிர் என்று நினைத்தேன்.

போன வாரம் சனிக்கிழமை இருவரும் பால் வாங்கக் கிளம்பினோம். தாரணி எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். ரோட்டில் ஒரே இரைச்சல். சந்திலிருந்து ஒரு பேட்டரி ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் திரும்பியது.

"தாரணி, நில்லு" என்று கத்தினேன். நிற்கவில்லை. ஸ்கூட்டர்காரர் பிரேக் பிடித்து அவள் பாவாடையை உரசிக்கொண்டு நின்றார்.

ஓடிப்போய் அவள் முதுகில் ஒரு அடி வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "கூப்ட்டியாப்பா?" என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் செல்வி கேட்டாள். "என்னங்க, அவளுக்கு நெஜமாவே காது கேக்கலையோ?"

"வாராவாரம் நான்தானே கிளீன் பண்றேன். அவ காது பளிச்சுனு இருக்கு."

அதை நிரூபிக்கத்தான் மறுநாள் பட்ஸைக் கொஞ்சம் ஆழமாக விட்டேன். தாரணி அலறிக்கொண்டு தலையை இழுத்துக்கொண்டாள். பட்ஸ் நுனியில் ரத்தம்.

பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொன்னார்கள். செல்வி விடவில்லை. "இனிமே அவ காதுல யாரும் எதையும் விடக் கூடாது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காது ஜவ்வைக் கிழித்துவிட்டேனோ என்ற பயம்.

டாக்டர் கன்னடக்கார அம்மா. நன்றாகத் தமிழும் பேசினார். சின்னக் கேமராவைக் காதின் வாசலில் வைத்து ஸ்கிரீனைக் காட்டினார். வழி முழுக்க அடைத்திருந்தது. இன்னொரு காதும் அப்படியே.

"வெளிப்பக்கத் தோல்ல ஒரு கீறல், அவ்ளோதான். அழுக்கு அடைச்சிருந்ததால பட்ஸ் ஜவ்வு வரைக்கும் போகல" என்றவர், என்னிடம் கேட்டார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"ஏசி சர்வீஸ் மேடம்."

"ஏசி ஃபில்டர் தன்னால சுத்தமாகாது. காது ஆகும். அழுக்குன்னு நீங்க எடுக்கற அந்த மெழுகு காதைக் காப்பாத்தறதுக்கு இருக்கு. தானா வெளிய வந்து விழும். நீங்க பட்ஸ் விட்டா கொஞ்சம் பஞ்சுல வரும், மிச்சம் எல்லாம் உள்ள போகும். எத்தனை வருஷமா பண்றீங்க?"

செல்விதான் சொன்னாள். "மூணு வயசுலேர்ந்து."

காதில் முன்பு சீழ் வந்ததுண்டா என்று டாக்டர் கேட்டுக்கொண்டு, மெழுகை இளக்குவதற்குச் சொட்டு மருந்து எழுதினார். ஐந்து நாள். மெழுகு ஊறும்போது காது இன்னும் மந்தமாகலாம், பயப்பட வேண்டாம் என்றார். அப்படியே ஆனது. மூன்றாம் நாள் தாரணிக்கு முகத்துக்கு நேரே நின்று பேசினால்தான் புரிந்தது.

நேற்று அவளை என் மடியில் உட்கார வைத்து, சின்னக் குழாய் வைத்த மெஷினால் உறிஞ்சி எடுத்தார்கள். மெஷின் சத்தத்தில் மிரண்டவளை டாக்டர் "ஹெதரபேடா புட்டி, பயப்படாதே" என்று கன்னடத்திலும் தமிழிலும் சமாதானப்படுத்தினார். இரண்டு காதும் முடியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தாரணி மேலே பார்த்தாள். "அம்மா, ஃபேன் சத்தம் போடுது."

செல்வி அழுதுவிட்டாள்.

ஜவ்வு இரண்டும் நன்றாக இருந்தன. ஹெட்போன் மாட்டிச் செய்த டெஸ்ட்டிலும் குறை இல்லை. குளித்ததும் காதின் வெளிப்புறத்தைத் துண்டால் துடைத்தால் போதும் என்றார் டாக்டர். பட்ஸ், ஹேர்பின், சூடான எண்ணெய், ஆன்லைனில் விற்கும் கேமரா குச்சி எதுவும் வேண்டாம். வலியோ சீழோ ரத்தமோ வந்தால், பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால், நேராக டாக்டரிடம் வர வேண்டும். மிஸ்ஸிடம் கொடுக்க ஒரு லெட்டரும் எழுதித் தந்தார்.

திரும்பும் வழியில் பேக்கரியில் அவளுக்கு ஹனி கேக் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னேன்.

"அன்னிக்கு ரோட்ல உன்ன அடிச்சது அப்பாவோட தப்புடா."

கேக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் தாரணி சொன்னாள்.

"அன்னிக்கு நீ என்னமோ சொன்னேப்பா, எனக்குக் கேக்கல. அடிச்சது மட்டும்தான் தெரிஞ்சுது."