மந்திரப் பள்ளிக்கூடத்து மொக்குப் பெட்டை

யப்பானில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் அதன் வாசற்கதவு யாரைக் கண்டால் திறக்காது, எந்த வாத்தியார் வகுப்பில் குறட்டை விடுவார், சாப்பாட்டு மண்டபத்தில் எந்தக் கதிரை ஆளைக் கடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கு இந்தளவு தெரியாது, ஏனென்றால் நான் பள்ளிக்கூடமே போகவில்லை. எனக்குப் பின்னால் பிறந்தவர்களைத் தூக்கி வைத்திருக்கவே என் இடுப்புச் சரியாக இருந்தது.

அதனால் இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நான் சொல்வதைப் புத்தகத் தமிழில் எழுது, ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்த மாதிரியே விடு என்று சொல்லியிருக்கிறேன். "மெல்லச் சொல்லுங்கோ அம்மம்மா, கை உளையுது" என்கிறாள். அதையும் எழுதென்றேன். எழுதிவிட்டாள், நல்ல பிள்ளை.

அந்தப் பள்ளிக்கூடம் அவளுடைய போனுக்குள்தான் இருக்கிறது. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு இரண்டு பேரும் ஒரு பாயில் படுத்துக்கொண்டு நாளுக்கொரு படமாகப் பார்ப்போம். கீறின படங்கள்தான், ஆனால் ஓடும், பாடும், சண்டை பிடிக்கும். முதல் நாள் எனக்கு அந்தப் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"உதுகளுக்குக் கண் ஏனடி உப்பிடி வீங்கிக் கிடக்கு? ஆஸ்பத்திரியிலை காட்டேல்லையோ?"

"அனிமே எண்டால் அப்பிடித்தான் அம்மம்மா. சும்மா பாருங்கோ."

அவர்கள் கதைப்பது யப்பான் பாஷை. கீழே இங்கிலீசு எழுத்து ஓடும். பேத்தி அதை வாசித்து முதலில் தான் சிரிப்பாள், பிறகு எனக்குத் தமிழில் சொல்லுவாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நான் ஒருதரம் சிரிப்பேன், விஷயம் விளங்கியதும் இன்னொருதரம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சிரிப்புத்தான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எல்லாரும் தும்புத்தடியில் ஏறிப் பறக்கிறார்கள். முற்றம் கூட்டுகிற சாமானில் கவட்டை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார்களா? மூதேவி வராதா? பேத்தி அதற்கு என்னவோ சமாதானம் சொன்னாள். எங்கள் படகு எஞ்சினே யப்பானில் செய்ததுதான், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

கதை, பாடம் தலையில் ஏறாத ஒரு மொக்குப் பெட்டையைப் பற்றியது. பச்சைத் தலைமயிர். அவள் தும்புத்தடியைக் கூப்பிட்டால் அது அவளை விட்டுவிட்டுத் தனியப் பறந்துவிடும். எலியைத் தேத்தண்ணிக் கோப்பையாக மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். கோப்பைக்கு வால் இருந்தது. வாத்தியார் தேத்தண்ணி ஊற்றினார், அது அவருடைய தேத்தண்ணியோடு மேசைக்குக் கீழே ஓடிவிட்டது. ஆள் மறையச் சொன்ன நாளில் எல்லாம் மறைந்தது, இரண்டு பாதம் மட்டும் மறையவில்லை. வாத்தியார் பாதத்துக்கு மட்டும் வந்ததாக வரவு போட்டார்! எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து பேத்தி ஓமத்தண்ணி கொண்டுவந்தாள். ஆனால் அந்தப் பெட்டை ஒருநாளும் முகத்தை நீட்டமாட்டாள். "அடுத்தமுறை வாலை எடுத்துப்போடுவன்" என்பாள். அது எனக்கு நல்லாய்ப் பிடித்திருந்தது.

இரவு பார்த்ததைக் காலையில் வாடியில் சொல்லாவிட்டால் எனக்கு வாய் அரிக்கும். வாடி என்பது கடற்கரையில் நாங்கள் வேலை செய்கிற ஓலைக் கொட்டில். படகு வந்ததும் பெண்கள் நாங்கள் சுற்றியிருந்து வலையில் சிக்கின நண்டைக் கழற்றுவோம். நண்டு கழற்றுவது அவசர வேலை இல்லை, கடுக்கன், அதுதான் அதன் கடிக்கிற கால், முறியாமல் பார்க்க வேண்டும். கை மெல்லப் போகிற இடத்தில் கதை வடிவாக ஓடும்.

அங்கே என் மச்சாள் இருப்பாள், அவளுடைய வாய்க்கு முன்னால் நண்டெல்லாம் சும்மா. எங்கள் அயல்வீட்டுக்காரியும் இருப்பாள். என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய மகள் ஓ.எல் என்கிற பள்ளிக்கூடப் பெரிய சோதனையில் கணக்குப் பெயில் விட்டுவிட்டு, தாயுடன் வந்து நண்டுச் சட்டி தூக்கிக்கொண்டு நின்றாள். கோப்பை வாலோடு ஓடின கதைக்கு எல்லாரிலும் பலமாகச் சிரித்தது அந்தப் பிள்ளைதான்.

திரும்பவும் சோதனை எடுக்க விடுவதா, தையல் கடையில் சேர்ப்பதா என்று தாய்க்குத் தெரியவில்லை. அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். அதாவது சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பது. சிவப்பென்றால் படிப்பு. முதலில் சிவப்பு வந்தது. மனம் கேளாமல் அடுத்த வெள்ளியும் போட்டாள், வெள்ளை வந்தது.

"அம்மாளுக்கும் கணக்கு ஓடேல்லைப் போலை" என்றாள் என் மச்சாள்.

"பகிடி விடாதேங்கோ. அவள் படிக்கிறதெண்டால் எனக்கென்ன கசக்குமோ? திரும்பவும் பெயிலெண்டு மறுமொழி வந்து அவள் சோறு தின்னாமல் கிடக்கிறதை என்னாலை பாக்க ஏலாது" என்றாள் அயல்வீட்டுக்காரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமி, உந்த மந்திரப் பெட்டைக்குச் சோதினை எப்பவாம்?"

"கடைசிப் படத்திலையாம் பிள்ளை."

"அப்ப சரி. உவள் பாஸ் எண்டால் என்ரை பிள்ளையும் எடுக்கட்டும். பெயில் எண்டால் தையல் கடைதான். அம்மாளாணை."

"கோதாரி! யப்பான்காரன் கீறின படத்தை வைச்சோ உன்ரை பெட்டையின்ரை படிப்பைத் தீர்க்கப் போறாய்?" என்று மச்சாள் கத்தினாள்.

"அம்மாள் எதுக்குள்ளாலையும் சொல்லுவா."

அம்மன் பெயரில் சொன்ன சொல்லை யாரும் மாற்ற முடியாது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லை. நான் கதை சொல்ல, சோதனை மறுமொழி கேட்கிற மாதிரிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்கும் பாயில் படுத்துப் பார்க்க முடியவில்லை, எழும்பி இருந்துதான் பார்த்தேன். மொக்குப் பெட்டை மந்திரத்தடியைத் தூக்கினாலே நான் பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் கோயிலுக்குப் போய் அருச்சனைத் தட்டை நீட்டினேன்.

"ஆற்றை பேரிலை? என்ன நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்டார்.

யப்பான்காரப் பெட்டைக்கு நட்சத்திரம் எனக்கெப்படித் தெரியும்? "சுவாமி பேரிலை செய்யுங்கோ ஐயா" என்றேன். மனதுக்குள் மட்டும் பச்சைத் தலைமயிர் என்று அடையாளம் சொன்னேன்.

கடைசிப் படம் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டி, அதில் ஒரு விதை. மந்திரம் சொல்லி மரமாக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் மரங்கள் கூரையை முட்டின. இவள் தடியைத் தூக்கினாள். சட்டிக்குக் கால் முளைத்தது! அது கதவைத் தள்ளிக்கொண்டு ஓட, வாத்திமார் பின்னால் ஓட, பெரிய வாத்தியார் குப்புற விழ, வேறு நாளென்றால் எனக்கு ஓமத்தண்ணி தேவைப்பட்டிருக்கும். பேத்தி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பெயிலாம் அம்மம்மா."

பிறகும் கொஞ்சம் இருந்தது. பெட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளைகளின் வகுப்பில் இருக்கட்டுமா என்று கேட்டாள். விட்டார்கள். கதிரை சின்னன், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன. ஓடின சட்டி களைத்துப்போய் வந்து அவளுடைய மேசையில் ஏறி இருந்தது. மண்ணுக்குள் பச்சையாக என்னவோ ஊசிமுனை அளவு தெரிந்தது. அதோடு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

"மிச்சம் எங்கையடி?"

"ரண்டாம் பாகம் வருமாம். எப்ப எண்டு சொல்லேல்லை."

காலையில் வாடிக்குப் போகக் கால் வரவில்லை. பாஸ் என்று ஒரு சொல்லைச் சொன்னால் முடிந்தது. ஆனால் அம்மனிடம் கேட்ட விஷயத்தில் பூவை மாற்றி வைக்க எனக்குத் துணிவில்லை. நான் வலையடியில் போய் இருந்த உடனே அயல்வீட்டுக்காரி, "முடிஞ்சுதோ மாமி?" என்றாள். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பெயில் என்ற இடத்தில் என் மச்சாள்கூடக் குனிந்து நண்டைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை சட்டியைக் கீழே வைத்தது. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று நான் மிச்சத்தையும் சொல்லிக்கொண்டே போனேன். முழங்கால் காதுக்குப் பக்கத்தில் நின்றதென்று, இருந்தபடி செய்தும் காட்டினேன். என் முழங்கால் அந்தளவுக்கு வரவில்லை, சரிந்து நண்டுக்குள் விழப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடுதான், ஆனால் சிரித்தது.

தாய் அதைப் பார்த்தாள். "பேந்து?" என்று என்னிடம் மிச்சத்தைக் கேட்டாள்.

"பேந்து மண்ணுக்குள்ளை பச்சையாய் ஏதோ தெரிஞ்சுது. அவ்வளவுதான். மிச்சம் ரண்டாம் பாகத்திலையாம்."

"அப்ப கதை முடியேல்லை."

"பெயில் எண்டு சொன்னவையெல்லே?" என்றாள் மச்சாள்.

"பச்சை தெரிஞ்சதெண்டும் சொல்லினம்தானே? மடிச்ச வெத்திலை இன்னும் பிரிக்கேல்லை. பிரிக்காத பூவை வைச்சு நான் பிள்ளையை மறிக்க ஏலாது." யாருடனோ சண்டை பிடிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அடுத்த நண்டை எடுத்தாள். அதன் கடுக்கன் முறிந்துவிட்டது. அவளுக்கு அப்படி முறிந்து நான் கண்டதில்லை.

இப்போது அந்தப் பிள்ளை எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் டியூசனுக்குப் போகிறது. தாய் புதுக் கொம்பாஸ் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்னை மட்டும் இடைக்கிடை கேட்பாள்.

"மாமி, ரண்டாம் பாகம் வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை."

"வந்தாலும் சோதினை முடியுமட்டும் எனக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

போன கிழமை இரண்டாம் பாகம் வந்துவிட்டது. பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு துள்ளி வந்தாள். "அம்மம்மா, வாங்கோ, வாங்கோ!" நான் போகவில்லை. அந்த ஊசிமுனைப் பச்சை மரமானதா, இல்லை அதற்கும் வால் முளைத்ததா என்று தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லைதான். ஆனால் பார்த்துவிட்டால் நான் சொல்லாவிட்டாலும் என் முகம் வேலிக்கு மேலால் சொல்லிவிடும். பேத்தியிடமும் சொல்லியிருக்கிறேன்: "நீ பாரடி, ஆனால் சத்தம் போட்டுச் சிரிக்காதை."

அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் அந்தப் பிள்ளை கணக்கைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் செய்வது கேட்கிறது. எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இடையில் பிழைவிட்டு முதலிலிருந்து தொடங்குவது மட்டும் விளங்குகிறது.