அமைதியானவனா, ஜெபராஜா?

ஜெபராஜ் போய்விட்டான். நேற்றுக் காலை, போடிமெட்டு ஸ்டாண்டில், ஜீப்பில் உட்கார்ந்தபடியே... நெஞ்சுவலி.

ஸ்கூல் குரூப்பில் வரிசையாக எழுதுகிறீர்கள். "அமைதியான மனிதர்." "அதிர்ந்து பேசாதவர்." படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

எஸ்டேட் ஸ்கூலில் அவன் வாயை மூடி யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதனால்தானே போடியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு அவனை அனுப்பினார்கள். தலைப்பு மேடையில்தான் கொடுப்பார்கள், உடனே பேச வேண்டும். அவனுக்கு வந்தது 'மழை'. மழையைப் பற்றி நம்மிடம் கேட்கவா வேண்டும்...

நன்றாகத்தான் பேசினான். யோசிக்கிற இடத்தில் மட்டும், 'அதாவது'க்குப் பதிலாக, எல்லையில் வளர்ந்த நம் எல்லார் வாயிலும் வருகிற அதே மலையாள 'அதாயது'. நடுவர் பாதியில் பெல் அடித்தார். "மலையாளம் பேசணும்னா மலை மேலயே பேசிக்கப்பா. எறங்கு."

சரி, அவர் வெளியூர்க்காரர். நீங்கள்? மறுநாளிலிருந்து அவனை 'அதாயது ராஜ்' என்று கூப்பிட்டது யார்? அதற்கப்புறம்தான் உங்கள் முன்னால் அவன் 'அமைதியானவர்'.

ஏலக்காய் ஸ்டோர் வேலைக்கு நான் தினமும் அவன் ஜீப்பில்தான் போவேன். போகிற வழியெல்லாம் வாய் ஓயாது. இங்கே மட்டும் எப்படி என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வண்டிக்குள்ள எவனும் மார்க் போட மாட்டாம்ல புள்ள," என்றான்.

போன மாதம் அவன் மகள் ஆன்சிக்கு அதே மாதிரிப் போட்டி, அவள் ஸ்கூலில். நானும் போயிருந்தேன். பாதியில் அவளுக்கும் 'அதாயது... அதாயது...' முன்வரிசையில் சிரிப்பு. கேட்டுக்கு வெளியே இருந்து நீளமாக ஒரு ஹாரன். சிரிப்பு நின்றது. அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள்.

ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "எந்தா இது?"

"ஹாரன் ஸ்டக்காயிருச்சு சாரே," என்றான் ஜெபா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

இன்று அடக்கம். சர்ச்சில் ஆன்சி பேச எழுந்தாள். "அப்பா... அதாயது... அப்பா..." அதற்கு மேல் வரவில்லை.

எனக்கு முன் பெஞ்சில் நம் குரூப் அட்மின். "யாராச்சும் எழுதிக் குடுத்துருக்கலாம்ல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சலித்துக்கொண்டார்.

எழுந்து வெளியே போனேன். ஜெபாவின் ஜீப் கேட் பக்கத்தில்தான் நின்றது. ஹாரனில் கை வைத்தேன். அவள் குரல் மைக்கில் மறுபடி கேட்கும்வரை எடுக்கவில்லை.

யாரும் எனக்கு போன் பண்ணி விளக்கம் கேட்க வேண்டாம். ஹாரன் ஸ்டக்காகிவிட்டது.

போய் வா ஜெபா... ஆன்சி பேசி முடித்துவிட்டாள்.