ஆறிப்போயிருக்க வேண்டிய ரத்தம்

நான் லேப் டெக்னீஷியன். டெஸ்ட் கார்டில் கோடு விழுந்தால் விழுந்தது, இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான் எனக்கு உண்மை. பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் அண்ணனுக்கு விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. ஒரு நாள் காலையில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே எங்கள் கிளினிக்குக்கு வந்தான். "வாயு புடிச்சிருக்குது பாப்பா. ரெண்டு சோடா குடிச்சிட்டேன், ஏப்பமே வரல" என்றான். எங்கள் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் வாயுதான், சோடாதான். டாக்டர் ஈசிஜி எடுத்தார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான் ரத்தம் எடுத்து ட்ரோபோனின் கார்டில் விட்டேன். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம் அது. இருந்தால் ரெண்டு கோடு விழும். ஒரு கோடுதான் விழுந்தது.

"வலி இப்பத்தான ஆரம்பிச்சிருக்குது, ரத்தத்துல தெரிய நேரமாகும். மதியம் திரும்பப் பாக்கணும், அதுவரைக்கும் இங்கயே படுங்க" என்றார் டாக்டர்.

அவன் கேட்டால்தானே! "அதான் ஒண்ணுமில்லன்னு உன் கார்டே சொல்லிடுச்சே. சூளை ஆறியிருக்கும், பிரிச்சு சாமான் இறக்கணும், போயிட்டு வரேன்" என்று பைக் சாவியை எடுத்தான். கெஞ்சினேன், திட்டினேன். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அண்ணியும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவன் வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

ஸ்டாண்டில் இருந்த அவன் ரத்தக் குழாயை ஆத்திரத்தோடு எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த கிண்ணம் மாதிரி சுட்டது. ஏசி ரூமில் அவ்வளவு நேரம் இருந்த ரத்தம்! "ஐயோ" என்று அலறிக் கீழே போட்டுவிட்டேன்.

பைக்கை ஸ்டார்ட் செய்யப் போனவன் என் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தான், வாசற்படியிலேயே சரிந்தான். டாக்டர் நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து, உயிரைப் பிடித்து வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தபோது ட்ரோபோனின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

என் விரல்களில் கொப்புளம். மற்ற குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் சில்லென்று இருந்தன. யாரிடமும் மூச்சு விடவில்லை. கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டுதான் ஐசியூவுக்குப் போனேன்.

அண்ணன் மெல்லக் கண் திறந்தான். என்னைப் பார்த்ததும் திட்டினான்.

"ஆறறதுக்கு முன்னாடியா பாப்பா தொடுவ? கை ரொம்ப வெந்துடுச்சா?"

இப்போது கேட்டால், அப்படிச் சொன்னதே ஞாபகமில்லை என்கிறான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.