டாக்டரம்மா சொன்ன ‘ஏழு’

எங்கள் ஊரில் வினாடி வினா லீக் ஒன்று நடக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவோம். கீழே தறி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கேள்விகளை உரக்க வாசிக்க வேண்டும். விடை தெரிந்தவர் மேசையைத் தட்ட வேண்டும். பத்து வினாடிக்குள் சொல்ல வேண்டும். முதலில் வாயிலிருந்து வருவதுதான் விடை.

எங்கள் அணிக்குத் தூணாக இருந்தவர், சென்ற மாசியில் காலமான டாக்டரம்மா. கால்நடை மருத்துவர். மாகறல் பக்கம் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேராக மாடியேறி வருவார். மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட வந்தார். “மண்டபத்துல நான் இல்லன்னா யாருக்கும் தெரியாதுபா. இங்க ஒரு ஆளு குறையும்” என்றார்.

அவருக்குத்தான் ஒரு நாள் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் புரியும், பதிலுக்கு ஒரு சொல் எழும்பாது. சில மாதம் கழித்து அவர் கணவர் அவரை மெல்லப் படியேற்றி அழைத்து வந்தார். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவரோ தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சூரியக் குடும்பத்தில் மிகச் சிறிய கோள் எது?” என்று கேள்வி வந்தது. டாக்டரம்மா இடது கையால் மேசையைத் தட்டினார். மாடியே திரும்பிப் பார்த்தது.

“ஞாயிறு... திங்கள்... செவ்வாய்...” என்றார். அடுத்து, “புதன்!” என்று சொல்லி நிறுத்தினார்.

நடுவராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கறாரான மனிதர். அவர் தயங்கினார்.

“முதல்ல வந்தது ஞாயிறு ஆச்சேம்மா” என்றார்.

எதிரணியின் ஏனாத்தூர் கல்லூரிப் பெண் எழுந்துவிட்டாள். “சார், மேடம் கரெக்டா சொன்னாங்க சார். பாயின்ட் குடுத்துடுங்க, எங்களுக்கு ஓகே.”

டாக்டரம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வேண்டாம் என்று அழுத்தமாகத் தலையாட்டினார். புள்ளி கிடைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும், பேச்சு எப்படி வந்தது என்று டீக்கடையில் அவர் கணவரிடம் கேட்டேன்.

“தண்ணி வேணும்னு கேக்க வராதுபா. ஆனா ஆஸ்பத்திரில எண்ணச் சொன்னாங்க, ஒண்ணு ரெண்டுன்னு கடகடன்னு வந்துச்சு. கிழமை, மாசம், நட்சத்திரம், வரிசையா மனப்பாடம் ஆனது மட்டும் வருது. வேணும்ங்கிற இடத்துல நிறுத்திக்கிறாங்க” என்றார்.

“எழுதிக் காட்டலாமே?”

“நானும் சொல்லிப் பாத்துட்டேன். வாயத் தொட்டுக் காட்டுறாங்க.”

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வீட்டில் பயிற்சி தொடங்கியதாம். வரிசையைச் சத்தமில்லாமல் உதட்டுக்குள் ஓட்டி, கடைசிச் சொல்லை மட்டும் வெளியே விட வேண்டும். காலையில் காய் நறுக்கும் கணவருக்கு எதிரில் உட்கார்ந்து பழகுவாராம். நடுவில் ஒரு சொல் சத்தமாக நழுவிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். எத்தனையோ வாரம் அவர் ஆட்டத்துக்கு வந்தும் மேசையைத் தட்டவே இல்லை.

பிறகு ஒரு நாள், “ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?” என்று கேட்டார்கள். இடது கை மேசையில் விழுந்தது.

அவர் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு அசைவுக்கும் நானும் உள்ளுக்குள் எண்ணினேன். சுற்றிலும் பார்த்தேன், எதிரணிப் பிள்ளைகளின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

“ஏழு” என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்தான்.

நடுவர் எழுந்து நின்று, “சரியான விடை” என்றார். விடை அறிவிக்க அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. டாக்டரம்மாவோ, அடுத்த கேள்வியை வாசியுங்கள் என்று கையசைத்தார்.

அந்த ஆண்டு எங்கள் அணி கோப்பை வெல்லவில்லை. வரிசையில் அடங்காத விடைகள்தான் உலகத்தில் அதிகம். தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் அவர் உட்கார்ந்திருப்பது முகத்திலேயே தெரியும். அந்த விடையை எதிரணி சொல்லிவிட்டால் அவருக்கு முகமெல்லாம் மலரும். அதுதான், அதுதான் என்பதுபோலத் தலையாட்டுவார். இறப்பதற்கு முந்தைய ஞாயிறுவரை அவர் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை.