காகிதப்பூக் கட்டைக்குத் தண்ணீர்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு காகிதப்பூக் கொடி இருந்தது. கொடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடிப்பாகம் என் தொடைக் கனம் இருக்கும். எங்களுக்கு முன்னால் எந்த மகராசன் வைத்தானோ, சுவரைப் பிடித்து ஏறி, ஓட்டின் மேல் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவன் வேட்டியையெல்லாம் முள்ளால் இழுத்துக்கொண்டிருந்தது. குடி வந்த அன்றே அரிவாளை எடுத்தேன்.

"அதுல கை வச்சீயன்னா இன்னைக்குச் சோறு கிடையாது" என்றாள் என் மனைவி.

கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத பெண் பேசுகிற பேச்சா அது? அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு பேருக்குமே சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். எங்கள் ஆட்கள் எல்லோரும் வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்தார்கள். நான் ஒருவன்தான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. "கடை வைக்கத் துப்பில்லாம சாக்கு எண்ணப் போயிட்டான்" என்று சித்தப்பா, மாமா வகையறா எல்லாம் பேசும். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கப்பல் பிடிக்கும்.

ஒருநாள் மல்லிகைப்பூ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோய் வெறுங்கையோடு வந்தேன். அவள் நேரே வாசலுக்குப் போனாள், காகிதப்பூவை ஒரு கொத்து ஒடித்தாள், சடையில் செருகிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? வாசனை கிடையாது, சாமிக்கே வைக்க மாட்டாங்க. அதைப் போய் எவளாவது தலையில வைப்பாளா?"

"சாமிக்கு ஆகாட்டா எனக்கு ஆகட்டும். இது சீக்கிரம் வாடாதுல்லா. நீங்க பூ வாங்கிட்டு வார வரைக்கும் தாங்கும்லா."

அதற்குப் பிறகு கோபம் வந்தால் அவளுக்கு அதுதான் வழி. தெருமுனையில் திரும்பும்போதே சடையில் அந்த நிறம் தெரிந்தால், சரி, இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று தயாராகிவிடுவேன். கத்தரிப்பூவும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஒரு நிறம். இன்றைக்கும் அந்த நிறத்தில் புடவை எதிரே வந்தால் என்ன தப்பு பண்ணினோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

யுத்தத்துக்கு முன்னால் ஜப்பான் கப்பல்கள் பொம்மையும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு நம் துறைமுகத்துக்கு வரும். அதில் ஒன்றில் சமையல்காரனுடைய அறை வாசலில் ஒரு தட்டில் மரம் இருந்தது. செடி இல்லை ஐயா, மரம். ஒரு சாண் உயரம். பட்டை வெடித்து, வேர் புடைத்து, கிழட்டு மரம். அவன் ஊர்ப் பாஷை எனக்குத் தெரியாது. கையைக் காட்டிக் கேட்டேன். தன்னைக் காட்டினான், பிறகு தாடி மாதிரி கையை இழுத்துக் காட்டினான், பிறகு இன்னும் நீளமாக இழுத்தான். அவன் தாத்தா வைத்த மரம் என்று புரிந்துகொண்டேன். பெரிய மரத்தின் வேரை வெட்டி, கிளையை வெட்டி, கம்பி சுற்றி அப்படி வளர்க்கிறார்களாம். அதையும் கையாலேயே சொன்னான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"அளக்காதீய. தட்டுல சோறு வைப்பாவ. மரமா வைப்பாவ?"

"உன் கண்ணுல காட்டுறேனா இல்லையா பாரு."

"காட்டுங்க. அப்பம் நம்புதேன்."

பிறகு யுத்தம் வந்தது. ரங்கூன் விழுந்தது. ஜப்பான்காரன் அடுத்து மெட்ராஸ் மேல்தான் குண்டு போடப் போகிறான், துறைமுகத்தில்தான் முதல் குண்டு என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. வேலையில்லாதவர்கள் வெளியேறுங்கள் என்று சர்க்காரும் சொல்லிவிட்டது. அந்தச் சித்திரையில் தெரு தெருவாகக் காலியானதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்கள் கடைகளைப் பூட்டி ஊருக்குக் கிளம்பினார்கள். அவளைக் கூட்டிப்போக அவள் அண்ணன் வந்தான். எனக்கு லீவு கிடையாது. போனால் வேலை போயிற்று.

எழும்பூர் ஸ்டேஷனில் எள் போட்டால் எள் விழாது. ஜன்னல் ஓரம் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். மற்றப் பெண்கள் நகை பத்திரம், பிள்ளை பத்திரம் என்று அழுதுகொண்டிருந்தார்கள். இவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "செடிக்குத் தண்ணி ஊத்துங்க. ஒருநாள் விடப்பிடாது" என்றாள்.

"சரி."

"சரின்னா? சத்தியமா?"

"சத்தியமாடி அம்மா. வண்டி கிளம்புது, கையை உள்ள எடு."

அந்த வார முடிவிலேயே, வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், வாசலில் பெரிய பள்ளம். விமானம் வந்தால் ஒளிந்துகொள்ளப் பதுங்கு குழி வெட்டுகிறவர்கள், தெருவில் மண் இருக்கிற இடமாகப் பார்த்து எங்கள் வாசலில் வெட்டிவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் கல் பாவியது. காகிதப்பூவைத் துண்டு துண்டாக வெட்டி ஓரமாக எறிந்திருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் வேரோடு குப்புறக் கிடந்தது. தெருவில் ஆள் இருந்தால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். கத்துவதற்குக்கூட யாரும் இல்லை. நாய்கள்தான் இருந்தன. சோறு போட்டவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு வீட்டு வாசலையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டையை உருட்டிக் கொல்லைப்புறம் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்த ஜப்பான் சமையல்காரன் ஞாபகம் வந்தது. குண்டு போட வருகிறவனும் அவன் ஊர்க்காரன்தான், எனக்கு வழி சொன்னவனும் அவன்தான். என்ன கூத்து பாருங்கள்.

ரம்பத்தை எடுத்து நீள வேர்களையெல்லாம் அறுத்தேன். கட்டையை ஒரு முழ உயரத்துக்குக் குறைத்தேன். நடுவில் உளுத்திருந்ததை உளியால் சுரண்டி எடுத்தேன். சுரண்டச் சுரண்ட, உள்ளே ஒரு குகை மாதிரி வந்தது. அறுத்த இடத்தில் மஞ்சளும் சாணியும் குழைத்துப் பூசினேன். தொட்டிக்கு எங்கே போவது? துறைமுகத்தில் இறக்கும்போது உடைந்த பெரிய திராவக ஜாடி ஒன்றின் அடிப்பாகம், தாம்பாளம் மாதிரி அகலமாகக் கிடைத்தது. அடியில் விரிசல் இருந்ததால் தண்ணீர் வடிய ஓட்டை போடுகிற வேலையும் மிச்சம். மண்ணுக்குக் கடற்கரைக்குப் போய் ஒரு கூடை அள்ளி வந்தேன்.

அங்கேதான் மீன்காரம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். எங்கள் கொல்லைக்குப் பின்னால் அவர்கள் குப்பம். ஊரே ஓடியபோதும் அவர்கள் அசையவில்லை. "எங்க போறது நைனா? கட்டுமரத்த ரயில்ல ஏத்துவானா?" என்று கேட்டவள். என் கூடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, உப்பு மண்ல செடி வெக்கிற? நீ படிச்சவன்தான?"

கொட்டிவிட்டு, செங்கல் தூளும் குப்பை மண்ணும் கலந்து கட்டையை வைத்தேன். செய்து முடித்து எட்ட நின்று பார்த்தால் மரம் மாதிரியும் இல்லை, செடி மாதிரியும் இல்லை. விறகுக்கடையில் விலை போகாதது மாதிரி இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் ஒரு செம்பு, வேலைக்குப் போய் வந்து ஒரு செம்பு ஊற்றினேன்.

அந்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கட்டையோடு பேசிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனால் விளக்கு ஏற்றக்கூடாது, இருட்டடிப்பு. ஏற்றினாலும் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டும். எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு. துறைமுகத்தில் பகலெல்லாம் எண்ணி எண்ணி நாக்கு வறண்டு வருவேன். வந்தால் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. ஒண்டியாகச் சோறு பொங்கித் தின்பது இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. அவள் போட்டுப்போன ஊறுகாயைக் காலி பண்ண மனசில்லாமல் பூசணம் பிடிக்கவிட்டேன்.

ஆனியில் தளிர் விட்டது. பட்டையைப் பிளந்துகொண்டு சிவப்பாக, மிளகு கனத்தில் ஒரு மொட்டு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு, பூட்டின வீடுகளைப் பார்த்து "ஏய், உயிர் இருக்குடா!" என்று சத்தம் போட்டேன். பிறகு பத்து இடத்தில் விட்டது. வேண்டாததைக் கிள்ளி, வேண்டியதைப் பெட்டிக் கம்பி சுற்றி வளைத்தேன். எங்கேயாவது விளக்கு எரிகிறதா என்று ரோந்து வந்த வார்டன் ஒருவர் கொல்லையில் எட்டிப் பார்த்து, "இது என்னய்யா, கம்பியெல்லாம் சுத்தியிருக்கு?" என்றார். வாய் வரைக்கும் ஜப்பான் என்று வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "முள்ளுச் செடி சார், கையைக் கிழிக்குது, கட்டிப் போட்டிருக்கேன்" என்றேன். கட்டிப்போடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குண்டு விழவில்லை. ஆவணியிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. தையில் அண்ணன் கல்யாணம், முடிந்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தாள். சரி, அதற்குள் கட்டையைப் பூக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அவள் வாசலில் கால் வைக்கும்போது தட்டில் மரம், மரத்தில் பூ. நம்புதியா இல்லையா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மீன்காரம்மா மீன் கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அதுதான் உரம். ஊற்றினேன். சாணி கரைத்து ஊற்றினேன். சத்தியத் தண்ணீரும் ஒருநாள் தவறவில்லை. இலை வந்தது பாருங்கள், பச்சைப் பசேலென்று, கையகலம். முள் வந்தது. பூ மட்டும் வரவில்லை. "தின்னுட்டுத் தின்னுட்டு சும்மா நிக்கிறியே, வெட்கமா இல்ல?" என்று திட்டுவேன்.

"கட்டையோட சண்ட போட்டுகினு கீற. சீக்கிரம் பொண்டாட்டிய இட்டாந்துரு நைனா, புத்தி பேதலிச்சிறப் போவுது" என்பாள் மீன்காரம்மா.

கல்யாணம் முடிந்தது. மாசி மகம் கழிந்து ரயில் ஏறுகிறேன் என்று எழுதினாள். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். மகத்துக்கு முந்தின வாரம் தந்தி வந்தது.

வாந்தி பேதி. கிணற்றுத் தண்ணீரில் வந்ததாம். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம்கூடப் பார்க்கவில்லை. மண்ணைத்தான் காட்டினார்கள். குண்டு விழும் என்று சொன்ன ராயபுரத்தில் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பின ஊரில் அவள் இல்லை. யாரைக் கேட்பது? ஜப்பான்காரனையா, சர்க்காரையா, திருச்செந்தூர் முருகனையா? எல்லோர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

காரியம் முடிந்து, நானும் காய்ச்சலில் விழுந்து எழுந்து, ராயபுரம் திரும்பும்போது சித்திரை. கொல்லைக் கதவைத் திறந்தேன்.

கட்டையில் ஒரு இலை கிடையாது. ஜாடி மண் வெடித்துக் கிடந்தது. ஆனால் கிளையெல்லாம் பூ. நான் வளைத்த இடம், கம்பி சுற்றின இடம், எங்கே பார்த்தாலும் அந்த நிறம். உளுத்த குகைக்குள்கூட இரண்டு உதிர்ந்து கிடந்தன. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "இப்ப யாருக்குடா பூக்கிற? யாருக்கு?" என்று கேட்டு அழுதேன். ஊரில் வராத அழுகை அங்கே வந்தது.

சத்தம் கேட்டு மீன்காரம்மா வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். கட்டையைக் காட்டிச் சொன்னாள்.

"நீ பூட்டிகினு போய்ட்ட. சொட்டுத் தண்ணி இல்ல. இப்டிப் பூத்துருச்சு. நீ ஊத்தி ஊத்தித்தான் கெடுத்துகினு இருந்துகிற நைனா. காயப் போட்டாத்தான் இது பூக்கும்போல. இனிமே ஊத்தாத, வருசா வருசம் பாரு."

ஒரு கொத்தை ஒடித்தேன். ஒடித்து வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நின்றேன். அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். கடைசியில் அவள் சீப்பு இருந்த மாடத்தில் வைத்தேன். அவள் சொன்ன மாதிரியே ரொம்ப நாள் வாடவில்லை.

இப்போது காலடிப்பேட்டையில் இருக்கிறேன். கட்டையும் அதே ஜாடியில் கூடவே இருக்கிறது. ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள், தட்டுல மரமா என்கிறார்கள். ஆனால் அந்தச் சித்திரைக்குப் பிறகு அது ஒருதடவைகூடப் பூக்கவில்லை. "காகிதப்பூன்னா தண்ணியக் கொறைக்கணும் சார், கொஞ்சம் காயப் போடுங்க, கொத்துக் கொத்தாப் பூக்கும்" என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை.

தெரியும். எனக்கு அந்த நிறத்தை இன்னொருதரம் பார்க்க ஆசை இல்லையா என்ன? ஒவ்வொரு பங்குனியிலும் நினைப்பேன், இந்த வருஷம் நிறுத்திப் பார்க்கலாம் என்று. விடிந்ததும் கை செம்பை எடுத்துவிடுகிறது. ஒருநாள் விடப்பிடாது என்று சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறாள்.