அங்கி போட்ட கழுதை

பிரெஞ்சு நாட்டில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பட்டம் வாங்கப் படிக்க வேண்டியதில்லை, நோட்டீஸ் அடித்தால் போதும். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழ் மன்றத் தலைவர், நான் ஓவிய அருங்காட்சியகத்தில் வேலை செய்வதாக யாரிடமோ கேள்விப்பட்டு, ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக்கிவிட்டார். என்ன வேலை என்று கேட்கவில்லை. நான் அங்கே காவலாளி. கிட்டப் போகாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்வதற்குச் சம்பளம்.

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸில் என் படத்துக்குக் கீழே 'கலாநிதி' என்று, முனைவர் பட்டம் வாங்கியவன் போல, போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லத்தான் உள்ளே போனேன். தலைவர் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மேடையிலை இருக்கிற எல்லாருக்கும் ஏதோ ஒண்டு இருக்கு அண்ணை. உங்களுக்கு மட்டும் ஒண்டும் இல்லாட்டி வடிவாயிராது."

அவருக்கே 'சமூகச் சுடர்' என்று ஒன்று இருந்தது. யார் கொடுத்தது என்று அவருக்கும் தெரியாது. இந்தக் கூட்டத்துக்கு ஒரு பாடம் படிப்பிக்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில் நான் காவல் நிற்கும் அறையில் அப்போது தொங்கிய ஒரு சித்திரத்தைப் பற்றித்தான் விழாவில் பேசினேன். நானூறு வருடப் பழசு, பேனாவால் வரைந்தது, கறுத்த மை மங்கிப் பழுப்பாகிவிட்டது. வைத்தியரின் நீண்ட அங்கி போட்ட ஒரு கழுதை உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும். குரங்குகள் குனிந்து கும்பிடும். வாத்துகள் வாயைப் பிளந்து கேட்கும். பிரபுக்களையும் பாதிரிமாரையும் வைத்தியர்களையும் நேரே நக்கலடித்தால் வம்பு என்பதால், அந்தக் கால ஐரோப்பாவில் அவர்களுடைய உடுப்பை மிருகங்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் செயலாளரைப் பார்த்துச் சிரித்தார், செயலாளர் பொருளாளரைப் பார்த்துச் சிரித்தார். ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கலாநிதி இல்லை, காவலாளி என்று முடிப்பதாக இருந்தேன். கைதட்டலைக் கேட்டதும் அதை விழுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பெண் தன் மகளோடு எங்கள் அறைக்கு வந்தார். லா சப்பல் சாப்பாட்டுக் கடையொன்றில் சமையல் செய்பவர், விழாவில் முன் வரிசையில் இருந்தவர். தன் ஒரேயொரு லீவு நாளில், தூரத்துப் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, பிள்ளைக்குக் கழுதையைக் காட்ட வந்திருக்கிறார். என் சீருடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மலர்ந்து சிரித்தார்.

"அண்ணை, அண்டைக்கு மேடையிலை பேசினது நீங்கள்தானே?"

அன்றைக்கு மேடையில் கலாநிதி, இன்றைக்குச் சீருடையில் காவலாளி. ஓம் என்ற ஒரு சொல் போதும். அந்த மனுசி என்னைக் குறைவாக நினைத்திருக்கவே மாட்டார். நானோ, மன்னிக்கவும் மதாம், நீங்கள் பேசும் மொழி எனக்குத் தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு மகளிடம் திரும்பிச் சொன்னார்:

"இவர் அவரில்லைப் பிள்ளை. அவர் படிச்ச மனுசன், எங்களைக் கண்டால் கதைப்பார்."